வீட்டு மின்கார் சார்ஜர் விற்க இணையக் கடை அமைப்பது எப்படி? மீட்டர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் பொருத்தும் மின்கார் சார்ஜர் வாங்க வருபவருக்குத் தம் காரின் பெயர் தெரியும். கிலோவாட் கணக்கோ, சிங்கிள் ஃபேஸுக்கும் (ஒருமுனை இணைப்பு) த்ரீ ஃபேஸுக்கும் (மும்முனை இணைப்பு) உள்ள வேறுபாடோ பெரும்பாலும் தெரியாது. சட்டை விற்கும் கடையைப் போலப் படத்தையும் விலையையும் மட்டும் அடுக்கி வைத்தால், அவர் குழம்பிப் போய் வெளியேறுவார், அல்லது வீட்டுக்குப் பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

படி 1: விவரத் தாள்

வூகாமர்ஸ், ஷாப்பிஃபை போன்ற, இணையக் கடை அமைக்க உதவும் மென்பொருள் எதையும் திறப்பதற்கு முன், ஒவ்வொரு சார்ஜருக்கும் அதன் திறன், தேவைப்படும் ஆம்பியர், ஃபேஸ், கேபிளின் நீளம், பிளக் வகை (டைப் 2 போன்றவை), மழையும் தூசியும் தாங்கும் ஐபி தர எண், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: மூன்று கேள்விகள்

முகப்புப் பக்கத்தில் பொருள்களுக்கு முன்னால் மூன்று கேள்விகள் வரட்டும். கடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால், இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதல் கேள்வி, கார் எது என்பது. சுவரில் மாட்டும் சார்ஜர் ஏசி மின்சாரத்தைத்தான் (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) தருகிறது. அதை டிசியாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றி பேட்டரியில் ஏற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அதன் திறன் 3.3 கிலோவாட் என்றால், 7.4 கிலோவாட் சார்ஜரை வாங்கி மாட்டினாலும் 3.3 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது. இதைச் சொல்லாமல் விலை கூடிய சார்ஜரை விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, வீட்டு மின் இணைப்பு. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் 32 ஆம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 7.4 கிலோவாட் கிடைக்கும். 11 கிலோவாட் சார்ஜருக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும். அந்த இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. ஆகவே, "தெரியவில்லையா? மீட்டர் பெட்டியையும் மின் கட்டண ரசீதையும் படம் எடுத்து அனுப்புங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்" என்று ஒரு பொத்தானை அதே இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை எத்தனை அடி என்பது. வயரிங் செலவு பெரும்பாலும் இந்த நீளத்தைப் பொறுத்தே அமைகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், சங்கத்தின் ஒப்புதல் பெற்றாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 3: பொருள் பக்கம்

"7.4 கிலோவாட், டைப் 2" என்று மட்டும் எழுதினால் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. "30 யூனிட் பேட்டரி கொண்ட காரில், ஆன்போர்டு சார்ஜர் இடம் கொடுத்தால், முழுதாக ஏற நாலரை மணி நேரம் ஆகும், 3.3 கிலோவாட்டில் சுமார் பத்து மணி நேரம்" என்று எழுதுங்கள், இரவு பத்து மணிக்குச் செருகினால் காலையில் வண்டி தயாராக இருக்குமா என்பதே அவர் மனத்தில் உள்ள கேள்வி.

சார்ஜரின் விலையை ஜிஎஸ்டி சேர்த்துக் காட்டுங்கள். தனி எர்த்திங், ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), கேபிள், பொருத்தும் கூலி ஆகியவற்றின் உத்தேசச் செலவை அதற்குக் கீழேயே தனி வரிகளாகக் கொடுங்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் திடீரென்று தொகை கூடினால், அதுவரை வளர்ந்த நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

படி 4: பணம் கட்டுதல்

யுபிஐ, அட்டை, மாதத் தவணை மூன்றும் இருக்கட்டும். கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எலக்ட்ரீஷியன் வரவேண்டிய நாளை இதே பக்கத்தில் தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள்.

படி 5: சோதனை

கடையைத் திறப்பதற்கு முன், மின்சாரம் பற்றி அதிகம் தெரியாத உறவினர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ஒரு சார்ஜர் வாங்கச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் அருகில் உட்காருங்கள். அவர் விரல் எந்தக் கேள்வியில் தயங்கி நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அந்த வரியை மாற்றி எழுதி, மறுநாள் வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.