சயனோடைப்: வெயிலில் எடுக்கும் நீலப்படமும் அதைக் காப்பதும்

1842-இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் பரப்பி வெயிலில் அச்செடுக்கத் தொடங்கினார். அந்த அச்சுகளைத் தொகுத்த புத்தகத்தில் அவர் ஹெர்ஷலுக்குக் கொடுத்த பிரதி நியூயார்க் பொது நூலகத்தில் இன்னும் நீலமாகவே இருக்கிறது. டார்க்ரூம் வேண்டாம், கேமராகூட வேண்டாம். ஒன்றே ஒன்று: இந்த நீலத்துக்குச் சோப்பு, சோடா, சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் எதுவும் ஆகாது.

1. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பச்சை நிற பெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. நீரிலும், பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மி.லி. நீரிலும் கரைத்துத் தனித்தனிக் கருப்புப் பாட்டில்களில் வையுங்கள். இரண்டாவதன் பக்கம் வீரியமான அமிலத்தைக் கொண்டுபோகாதீர்கள். நச்சு வாயு வரும்.

2. மங்கிய குண்டு பல்பு வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவு கலந்து, தாளில் பிரஷால் மெல்லப் பூசுங்கள். ஏ4 தாளுக்கு மொத்தம் 4 மி.லி. போதும். பிரஷில் இரும்புப் பட்டை இருந்தால் நீலப் புள்ளி விழும். தாளில்தான் காசைச் செலவழிக்கச் சொல்வேன்: சுண்ணாம்புச் சத்து சேர்க்காத பருத்தித் தாள்.

3. இருட்டில் நன்றாகக் காய்ந்ததும் மேலே இலையோ, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டில் பிரின்ட் எடுத்த நெகட்டிவோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். உச்சி வெயிலில் 5 முதல் 15 நிமிடம். மஞ்சள்பச்சைப் பூச்சு முதலில் நீலமாகும், பிறகு கறுக்கும், கடைசியில் வெண்கலம் போல் சாம்பல் பூக்கும். அதுதான் பக்குவம். கறுத்தவுடனே எடுத்தால், கழுவும்போது பாதி நிறம் நீரோடு போய்விடும்.

4. போர் தண்ணீர் என்றால் முதல் கழுவலில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். பிறகு சாதாரண நீரில், வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயல் போகும்வரை. நீலம் உடனே அடர்த்தியாக இல்லையே என்று பதற வேண்டாம். காற்றுப் பட ஒரு நாளில் ஏறிவிடும்.

காப்பதில் ஒரு விபரீதம் உண்டு. ‘ஆர்க்கைவல்’ (நெடுநாள் காப்பது) என்று விற்கும் அட்டைகள் பலவற்றில், அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு சேர்த்திருப்பார்கள். மற்றப் படங்கள் பலவற்றுக்கு அது நல்லது. சயனோடைப்புக்கு மெல்ல அரிக்கும் விஷம். ‘அன்பஃபர்டு’ (சுண்ணாம்பு சேர்க்காதது) என்று கேட்டு வாங்குங்கள். சுவரில் மாட்டிய படம் வெளிச்சத்தில் வெளுத்தால், கழற்றிக் காற்றோட்டமான இருட்டில் சில நாள் வையுங்கள், பெரும்பாலும் நிறம் திரும்பும். காரம் பட்டு வெளுத்தது அப்படித் திரும்பாது.