ரோந்து வண்டியை எங்கே, எத்தனை நிமிடம் நிறுத்துவது?
ரோந்து வண்டிகளை நகரம் முழுக்கச் சமமாகப் பரப்பாதீர்கள். 1972-73இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் சில வட்டாரங்களில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கியும் குற்றம் குறையவில்லை.

ஓராண்டு அவசர அழைப்புகளை வரைபடத்தில் குறியுங்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்தன. அடிதடி, திருட்டு இரண்டையும் தனித்தனியே, மணிவாரியாகப் பாருங்கள். கலந்தால் இரவுக்கு வேண்டிய வண்டி பகலில் நிற்கும்.

அழைப்புகள் குவியும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்; ஒவ்வொன்றும் ஒரு தெருமுனை அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். அங்கே 10 முதல் 15 நிமிடம் நில்லுங்கள், இறங்கி நடங்கள். அதற்கு மேல் நின்றால் பலன் தேய்கிறது. நிற்காமல் சும்மா கடந்துபோனால் பலன் மிகக் குறைவு. சுற்றும் வரிசையைத் தினமும் மாற்றுங்கள்.

திட்டம் சொதப்புவது பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையில்தான்: அழைப்பு வந்ததும் ரோந்து வண்டியை இழுத்துக்கொள்வார்கள். அழைப்புகளுக்குத் தனி வண்டி ஒதுக்குங்கள். நின்ற நேரத்தை ஜிபிஎஸ் பதிவில் வாரந்தோறும் சரிபாருங்கள். கையெழுத்துப் பதிவேட்டை நம்ப வேண்டாம்.