வீட்டு வாசலிலேயே வீல் அலைன்மென்ட்: தூக்குக்குண்டும் டேப்பும் போதும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி வழிவிடும்போது முன்சக்கரம் பள்ளத்தில் தொம்மென்று இறங்கும். தண்டையார்பேட்டையில் கார் ஓட்டுபவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். சில வாரங்களில் டயர் ஓரம் தேயத் தொடங்கிவிடும். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். போகும்போது வழவழப்பாகவும் திரும்பும்போது ரம்பப் பல் போலவும் பட்டால், ‘டோ’ கெட்டிருக்கிறது.

மேலிருந்து பார்த்தால் இரு முன்சக்கரங்களும் நேராக நிற்கின்றனவா, உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கின்றனவா என்பதுதான் டோ. கேம்பர், காஸ்டர் என்ற மற்ற இரண்டு கோணங்களை வீட்டில் தொட வேண்டாம்.

முதலில் காற்றைச் சரிபாருங்கள். பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்றால், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடின் முனை தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் அளப்பது வீண்வேலை.

இனி அளவு. இதில் அவசரமே கூடாது. சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சில அடி முன்னுக்குத் தள்ளி நிறுத்துங்கள். நம் தெருக்கள் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். சிமென்ட் தரைதான் நல்லது. இரு டயர்களிலும் முன்புறம், அச்சின் உயரத்தில், நடுக்காடியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அங்கிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் ஆட்டம் நின்றபின் தரையில் குறியிடுங்கள். பிறகு அதே புள்ளி பின்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னுக்குத் தள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் நகரும். தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுக்காதீர்கள், மூட்டுகளின் இளக்கம் மாறிவிடும், முதலிலிருந்து அளவெடுங்கள். மறுபடி குண்டைத் தொங்கவிட்டுக் குறியிடுங்கள். புள்ளி மாறாததால் ரிம் சற்றுக் கோணலாக இருந்தாலும் அளவு பிசகாது.

முன்குறிகளின் இடைவெளியையும் பின்குறிகளின் இடைவெளியையும் டேப்பால் அளந்து கழியுங்கள். முன்னளவு குறைவாக இருந்தால் சக்கரங்கள் உள்நோக்கியிருக்கின்றன. எவ்வளவு வேண்டும் என்பதைக் கார் கையேட்டில் பாருங்கள். பல சின்ன கார்களுக்கு 0 முதல் 2 மில்லிமீட்டர் வரை.

திருத்த, டை ராடின் நீளம் மாறாமல் பிடித்து வைக்கும் லாக் நட்டைத் தளர்த்துங்கள். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் நட்டு துருவேறி இறுகியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். சுத்தியலால் அடித்து மரையைக் கெடுத்துவிடாதீர்கள். டை ராட் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில், நீளத்தைக் கூட்டினால் டயர்களின் முன்பக்கம் நெருங்கும். இரு பக்க டை ராடையும் ஒரே அளவு, ஒவ்வொரு முறையும் கால் சுற்று திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாகும். ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சிறிது ஓட்டி மறுபடி அளந்து, சரியென்றால் லாக் நட்டுகளை இறுக்குங்கள். பிறகு, லாரி நடமாட்டமில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஒரு பக்கம் இழுத்தால் முன்டயர்களை இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில் இருக்கிறது.