பழைய மசில் காரின் பின்பக்கத்தை உயர்த்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமாரோ, ஷெவெல், சார்ஜர், மஸ்டாங் போன்ற, பெரிய எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்க ‘மசில்’ கார்கள் முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தோற்றத்துக்கு இன்றும் ஆசைப்படுவோர் குறையவில்லை. 1970களில் அந்தத் தோற்றம் வெறும் அலங்காரத்துக்காகப் பரவியதன்று. பெரிய எஞ்சினின் முறுக்குவிசையைச் சாலையில் இறக்க அகலமான பின் டயர்கள் தேவைப்பட்டன. என்50-15 போன்ற டயர்கள் மட்கார்டுக்குள் அடங்காததால் காரின் உடலையே தூக்கினார்கள். இப்போது இந்த வேலையில் இறங்கும் இளைஞர்களைக் கவனித்தால், எங்கள் தலைமுறையினர் கைக்காசை இழந்து கற்றுக்கொண்ட அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை; அது தெரியாதவர் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

தொய்வை அளக்காமல் தொடங்குவது

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஸ்பிரிங் நிச்சயம் தொய்ந்திருக்கும். சமதளத்தில் காரை நிறுத்தி, பெட்ரோல் டாங்கை நிரப்பி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து, அந்த ஆண்டுக்குரிய பட்டறைக் கையேட்டில் உள்ள உயர அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும் என்று வருகிறவர்களில் பலருடைய கார்கள் அதில் பாதிக்கு மேல் தொய்வினால்தான் இழந்திருக்கின்றன. அவர்களுக்குச் சரியான வளைவுள்ள புதிய ஸ்பிரிங் போதும், வேறெதுவும் வேண்டியதில்லை. இரு பக்கமும் ஒரே அளவில் தொய்வதில்லை என்பதையும் அளந்தால்தான் அறிய முடியும்.

ஏர் ஷாக்கின் மேல் காரை நிறுத்துவது

இந்த ஒரு தவறு இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது. செய்வதற்கு மிக எளிது, முதல் சில வாரங்களுக்குப் பார்க்கவும் அழகாக இருக்கும் என்பதே அதற்குக் காரணம். பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, காற்று நிரப்பும் ரப்பர் உறை கொண்ட ஏர் ஷாக்குகளை மாட்டி, டிக்கிக்குள் ஒரு வால்வை வைத்துக் காற்றடித்தால், கார் கண்ணெதிரே எழுந்து நிற்கும். கேப்ரியல் நிறுவனத்தின் ஹைஜாக்கர் போன்ற ஏர் ஷாக்குகள் அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றன. ஆனால் இந்த வகை ஷாக்குகள் வேறொரு தேவைக்காக வந்தவை: டிக்கியில் சுமை ஏற்றும்போதோ டிரெய்லரை இழுக்கும்போதோ தாழ்ந்துபோகும் பின்பக்கத்தை அதன் வழக்கமான உயரத்துக்குக் கொண்டுவருவது. வழக்கமான உயரத்துக்கு மேலே நிரந்தரமாகத் தூக்கி வைப்பது அந்தத் தேவையில் சேராது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது புரியும். நீண்ட எஃகுப் பட்டையாலான ஒரு பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கின் விறைப்பு அங்குலத்துக்கு 120 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். உடலை 3 அங்குலம் தூக்கினால், ஸ்பிரிங் தாங்கிவந்த எடையில் 360 பவுண்ட் அதிலிருந்து விலகி, அந்தப் பக்கத்து ஷாக்கின் மேல்முனைக்கு வந்து சேர்கிறது. கார் அசையாமல் நிற்கும்போதே இவ்வளவு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இது பல மடங்காகும். முதல் தலைமுறை கமாரோவில் ஷாக்கின் மேல்முனை காரின் தரைத் தகட்டோடு போல்ட்களால் இணைகிறது. ஸ்பிரிங்கின் அசைவை அடக்கும் விசைக்காக அமைக்கப்பட்ட அந்த இணைப்பில் காரின் எடையை ஏற்றுவது, கதவின் கைப்பிடியைப் பிடித்துக் கதவையே தூக்குவதைப் போன்றது.

எங்கள் பட்டறைக்கு ஒருமுறை 1969ஆம் ஆண்டு கமாரோ ஒன்று வந்தது. பெயிண்ட் கண்ணாடியாக மின்னியது. பின் இருக்கைப் பக்கம் ஏதோ தட்டுகிற ஓசை கேட்கிறது என்பதுதான் உரிமையாளரின் குறை. அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, ஷாக் இணைப்பைச் சுற்றித் தரைத் தகடு விரிசல் விட்டிருந்தது. போல்ட் துளைகள் நீள்வட்டமாகிவிட்டிருந்தன. காற்றை இறக்கிச் சிறிய சக்கரங்களை மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள், வெல்டிங்குக்கு நாள் குறிப்போம் என்று சொன்னோம். அவர் ஒரு கண்காட்சி முடியட்டும் என்றார். கண்காட்சிக்குப் போகும் வழியிலேயே, இரண்டு ஷாக்குகளுக்கும் காற்றைக் கொண்டுசெல்லும் மெல்லிய நைலான் குழாய் சைலன்சர் குழாயில் உரசி உருகிவிட்டது. ஒரே டி-இணைப்பிலிருந்து இரு பக்கமும் காற்று போய்க்கொண்டிருந்ததால் இரண்டும் சேர்ந்தே இறங்கின. மட்கார்டின் விளிம்பு டயரின் தோளை அறுத்தது. டயர் அந்த விளிம்பை வெளிப்புறமாக மடக்கிக் கிழித்தது. தகட்டு வேலைக்கும் பெயிண்ட்டுக்கும் ஆன செலவில் நல்ல லீஃப் ஸ்பிரிங்குகளைப் பல முறை மாற்றியிருக்கலாம். காற்று இருக்கும்வரை மட்டுமே மட்கார்டுக்குள் அடங்கும் டயர், அந்தக் காருக்கு உரிய டயரே அன்று.

டி-இணைப்பில் இன்னொரு கேடும் உண்டு. திருப்பத்தில் கார் சாயும்போது வெளிப்பக்கத்து ஷாக் அமுங்க, அதன் காற்று உள்பக்கத்து ஷாக்குக்குப் போய் அந்தப் பக்கத்தை மேலும் தூக்குகிறது. மேடு பள்ளத்தில் முரட்டுத்தனமாக உதைக்கும் கார், திருப்பத்தில் மட்டும் தள்ளாடுவதன் காரணம் இதுதான். தவிர, உயர்த்தியதாலேயே ஷாக் ஏற்கெனவே ஏறக்குறைய முழுதாக நீண்டிருப்பதால், சக்கரம் கீழே இறங்க இடமின்றி ஷாக்கின் உள்தடையில் மோதுகிறது.

ஏர் ஷாக்கை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றால், உயரத்தை ஸ்பிரிங்கே தரட்டும். ஷாக்கில் தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்த அழுத்தத்தை மட்டும் வைத்து, இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய்களைச் சைலன்சரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள்.

நீண்ட ஷாக்கிளால் உயர்த்துவது

லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனையை உடலோடு இணைக்கும் ஷாக்கிளை 2 அங்குலம் நீளமாக்கினால் கார் 2 அங்குலம் உயரும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஸ்பிரிங்கின் முன்முனை இருந்த இடத்திலேயே இருப்பதால், நடுவில் உள்ள, பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலுக்குச் சுமார் 1 அங்குலம்தான் கிடைக்கும். சார்ஜர், ரோடு ரன்னர் போன்ற கார்களில் ஆக்ஸில் ஸ்பிரிங்கின் முன்முனைக்கு நெருக்கமாக அமைந்திருப்பதால் அதைவிடவும் குறைவு.

கிடைக்காத உயரத்தைவிடக் கேட்காமல் வந்து சேரும் கோணமே பெரிய தொல்லை. ஏறத்தாழ நாலரை அடி நீளமுள்ள ஸ்பிரிங்கின் ஒரு முனை 2 அங்குலம் இறங்கினால், ஸ்பிரிங்கும் அதோடு கட்டப்பட்ட ஆக்ஸிலும் சுமார் 2 டிகிரி திரும்பி, ஆக்ஸிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூக்கு மேல்நோக்கி நிமிர்கிறது. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் டிரைவ்ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள, வளைந்தபடியே சுழலும் யுனிவர்சல் ஜாயின்ட்டுகளின் கோணங்கள் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுசெய்யும். அந்தச் சமநிலை 2 டிகிரி கெட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு தொடங்கும். பலர் அதை டயரின் குறையென்று எண்ணித் திரும்பத் திரும்ப வீல் பேலன்சிங் செய்கிறார்கள். ஜாயின்ட்டும் கியர்பாக்ஸின் பின்முனை புஷ்ஷும் தேய்ந்த பிறகே உண்மை தெரிகிறது. உயர்த்துவதற்கு முன்னும் பின்னும், எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையில் கோணமானியை வைத்து அளந்து, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் பீடத்துக்கும் இடையே ஆப்பு வடிவ எஃகுத் தகட்டைக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். வேகமெடுக்கும்போது மூக்கு தானாகவே மேலே திமிறும் என்பதால், லீஃப் ஸ்பிரிங் கார்களில் அதைச் சிறிது தாழ்வாக வைப்பதே வழக்கம். 1967 கமாரோவின் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில் இந்தத் திமிறல் மிக அதிகம்.

நீண்ட ஷாக்கிள் பக்கவாட்டிலும் வளையும். மேலும், எந்த வழியில் உயர்த்தினாலும் ஸ்பிரிங்கின் முன்பாதி செங்குத்தாகச் சரியத் தொடங்குவதால், திருப்பத்தில் வெளிப்பக்கத்துச் சக்கரம் பின்னோக்கியும் உள்பக்கத்துச் சக்கரம் முன்னோக்கியும் நகர்ந்து, காரின் வால் வெளியே போகப் பார்க்கும். தெருவில் ஓட்டும் காருக்குத் தொழிற்சாலை உயரத்துக்கு மேல் 1 அங்குலம் போதும் என்பதே என் முடிவு.

ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைப்பது

ஆக்ஸிலுக்கு மேலே ஸ்பிரிங் உள்ள பிக்அப் வண்டியில் கட்டை வைத்தால் வண்டி உயரும். இந்தக் கார்களில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. கார் தாழும்.

காயில் ஸ்பிரிங்கில் ஸ்பேசர் செருகுவது

1964 முதல் 1972 வரையிலான ஷெவெல்லில் பின்பக்கம் காயில் ஸ்பிரிங். அதன் சுருள்களுக்கு இடையே செருகும் ஸ்பேசர், அந்தச் சுருளை வேலை செய்யவிடாமல் தடுத்து, அதன் பங்கையும் பக்கத்துச் சுருள்களின் மேல் ஏற்றுகிறது. அதே காலத்து ஸ்டேஷன் வேகனுக்கான தடித்த ஸ்பிரிங்கைத் தேடி வாங்குவது நேர்மையான வழி.

முன்பக்கத்தை மறப்பது

கமாரோவுக்கும் 1960களின் மஸ்டாங்குக்கும் முன் பின் சக்கரங்களின் இடைவெளி 108 அங்குலம். பின்பக்கம் 2 அங்குலம் உயர்ந்தால் கார் முழுவதும் ஏறத்தாழ 1 டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரங்களின் காஸ்டரில், அதாவது அவை திரும்பும் அச்சின் பின்சாய்வில், அதே 1 டிகிரி குறைகிறது. அந்தக் காலத்துக் கார்களில் காஸ்டர் ஏற்கெனவே குறைவு என்பதால், ஸ்டியரிங் நேராகத் திரும்பி வராமல் அலையத் தொடங்கும். வீல் அலைன்மென்ட்டை உயர்த்திய பிறகுதான் செய்ய வேண்டும். ஹெட்லைட்டையும் அப்போதே நிமிர்த்துங்கள்.

சார்ஜர் உரிமையாளர்களுக்கு ஒரு சலுகை உண்டு. முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டான டார்ஷன் பாரின் போல்ட்டைச் சிறிது தளர்த்தினாலே முன்பக்கம் இறங்கும் என்பதால், விரும்பிய சாய்வில் பாதியை அங்கேயே பெற்றுவிடலாம்.

சக்கரங்கள் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

ஸ்பிரிங்கின் முனைகளில் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறையான புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அந்த நிலைக்கே திரும்ப முயலும். காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிய பிறகு இறுக்குங்கள்.

பிரேக் ஹோஸ்

பின் ஆக்ஸிலுக்கு இறங்கிவரும் ரப்பர் ஹோஸ் ஒன்றே ஒன்றுதான். சக்கரங்கள் முழுதாகத் தொங்கும்போது அது விறைத்து நின்றால், நீளமான ஹோஸ் வரும்வரை கார் பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது.