வேலூர் வெயிலில் ஊறுகாயும் மாவும் கூழும்: நாம் செய்யும் தவறுகள்

இரண்டு வருடத்துக்கு முன், பங்குனியில், நேதாஜி மார்க்கெட்டில் நல்ல மாவடுவாகப் பார்த்து மூன்று கிலோ வாங்கிவந்தேன். வீட்டில் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. அதனால் வழக்கமாகப் போடும் உப்பில் பாதிதான் போட்டேன். ஐந்தாம் நாள் ஜாடியைத் திறந்தால் வடு வழவழவென்று கையில் நசுங்கியது. வாடையும் சரியில்லை. அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தேன். அம்மா அன்றைக்குச் சொன்னது: "உப்பு கம்மியா வேணும்னா போடுறப்போ கம்மி பண்ணாதடி. சாப்பிடுறப்போ கம்மியா தொட்டுக்கோ."

ஊறப்போடுவதன் சூட்சுமம் முழுக்க அந்தப் பேச்சில் இருக்கிறது. காயைக் கெட்டுப்போகாமல் காப்பது கடைசியில் அதன் புளிப்புதான். அந்தப் புளிப்பை உண்டாக்குவது லாக்டிக் அமில பாக்டீரியா. காயின் தோலிலேயே அது இருக்கிறது, நாம் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அது பெருகிப் புளிப்பு ஏற இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதுவரை அழுகவைக்கும் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்துவது உப்பு மட்டும்தான். லாக்டிக் பாக்டீரியா உப்பைத் தாங்கும். அழுகவைக்கும் கூட்டத்தில் பெரும்பாலானவை தாங்காது. உப்பைப் பாதியாக்கினால் அந்த முதல் சில நாளில் காய் காவலின்றிக் கிடக்கும்.

நான் இப்போது கிலோ வடுவுக்கு 125 கிராம் கல் உப்பு போடுகிறேன். வருடம் முழுக்க வைத்துச் சாப்பிடும் ஜாடிக்கு இது வேண்டும். கேரட், முள்ளங்கி, பீன்ஸ் மாதிரி நாலைந்து நாளில் புளிக்கவைத்து ஃப்ரிட்ஜுக்குள் வைப்பதற்கு இவ்வளவு தேவையில்லை. காயும் தண்ணீரும் சேர்ந்த எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு உப்பு போதும். நம் கோடைக்கு 3 பங்கை ஒட்டிப் போடுவதே நல்லது. காயை மட்டும் நிறுத்து உப்புப் போட்டுவிட்டு, பிறகு தண்ணீரை இஷ்டத்துக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய பேர். ஸ்பூன் கணக்கும் ஏமாற்றும். ஒரு ஸ்பூன் தூள் உப்பு எடை கூடுதல்; அதே ஸ்பூனில் கல் உப்பு எடை குறைவு. ஒரு சின்ன எடைமெஷின் வாங்கிவைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்தது காற்று. காய் மிதக்கும். உப்புத் தண்ணீருக்கு மேலே தலைநீட்டும் துண்டில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். ஜாடிக்குள் போகிற அளவில் ஒரு பீங்கான் தட்டை வைத்து, அதன்மேல் கழுவிக் கொதிக்கவைத்த கூழாங்கல்லை ஏற்றினால் காய் அடியில் கிடக்கும். தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் படர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது ஒருவகை ஈஸ்ட். வழித்தெடுத்துவிட்டுத் தொடரலாம், ருசி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். பஞ்சு மாதிரி நிற்பது, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் தெரிவது பூசணம். மேலாக வழித்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். மூடியை இறுக்கிவிட்டு மறந்துபோவதும் ஆபத்து. புளிக்கும்போது வாயு உண்டாகும். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். முதல் வாரம் தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்தி மூடுங்கள்.

நம் ஊருக்கென்றே உள்ள தவறு, கடிகாரத்தை நம்புவது. "மாவை 8 முதல் 12 மணி நேரம் புளிக்கவிடவும்" என்று சொல்கிறவர்கள் வேலூர் அக்னி நட்சத்திரத்தைப் பார்த்ததில்லை. சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியிலும் விடும். வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் அடுப்படியில் வைத்த இட்லி மாவு நாலைந்து மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மாவை உப்பவைப்பதில் பெரும்பங்கு லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அது விடும் வாயுவை உளுந்தின் பசை பிடித்துவைப்பதால்தான் இட்லி மெத்தென்று வருகிறது. பொங்கிய பிறகும் வெளியிலேயே விட்டால் வாயு வெளியேறி மாவு அமுங்கும், புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட மாவில் ஆப்பசோடா போட்டு இட்லி ஊற்றுவதைவிட, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பமாகச் சுட்டுவிடலாம்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் மாவு ஆட்டுவது ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். உளுந்தை ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டுவேன். கிரைண்டர் கல்லின் சூடே மாவைப் பாதி புளிக்கவைத்துவிடும். உப்பையும் அப்போதே கலந்துவிடுவேன், வேகம் கொஞ்சம் மட்டுப்படும். விடிகாலை எழுந்ததும் முதல் வேலை மாவைப் பார்ப்பதுதான். மார்கழியில் எல்லாம் தலைகீழ். விடிந்தும் மாவு அசையாது; அப்போது உப்பைக் காலையில் கலந்தால் போதும்.

பழைய சோற்றைப் பற்றி நிறைய பேர் நல்லதாகப் பேசுகிறார்கள், எனக்கும் அது உயிர். ஆனால் மத்தியானம் வடித்த சோறு குக்கரிலேயே ராத்திரி பத்து மணிவரை கிடந்து, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதை அரிசியிலேயே இருக்கும். கொதியில் சாகாது. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள சோற்றில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். வாந்தி எடுக்கவைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றுங்கள், மண்சட்டி என்றால் இன்னும் குளிர்ச்சி. மறுநாள் காலை இளம்புளிப்பாக, வாடை சுத்தமாக இருக்க வேண்டும். கையில் நூல் மாதிரி இழுத்தால் சாப்பிடாதீர்கள்.

கூழுக்கு வருவோம். ஆடி வந்தால் வட ஆற்காட்டில் கூழ் ஊற்றாத அம்மன் கோயில் ஏது? கேழ்வரகு மாவை முதல் நாள் ராத்திரி கரைத்துவைத்து, புளித்ததும் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவதுதான் முறை. இப்போது நேரமில்லையென்று மாவை அப்படியே காய்ச்சி, தயிரைக் கொட்டிப் புளிப்பு ஏற்றுகிறார்கள். நாக்குக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். உடம்புக்குத் தெரியும். கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்புச்சத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். புளிக்கும்போதுதான் அது குறைந்து, சத்து நமக்குக் கிடைக்கிறது. புளித்த கூழை அலுமினியக் குண்டானில் ராத்திரி முழுக்க வைப்பதும் தவறு. புளிப்பு உலோகத்தை அரிக்கும். மண்பானை, எவர்சில்வர் இரண்டில் எதுவும் சரி. பித்தளை என்றால் வெள்ளீயம் பூசாததில் வைக்கவே கூடாது.

மோர் மிளகாயில் பெரும்பாலும் ஒரே தவறுதான். உடைத்தால் சடசடவென்று முறியும் முன்பே டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் திடீரென்று கோடை மழை பிடித்த நாளில் மாடியிலிருந்து எடுத்தது என்றால் இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறொன்று. பச்சைப் பூண்டை உரித்து அப்படியே நல்லெண்ணெயில் மூழ்கடித்து, பல மாதம் கெடாது என்று வெளியிலேயே வைப்பது. எண்ணெய் கெடாமல் காக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஊறுகாயில் எண்ணெய் காற்றை மட்டும்தான் தடுக்கிறது. காப்பது உப்பும் புளிப்பும். அவை இரண்டும் இல்லாமல் காற்றை மட்டும் தடுத்தால், மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு அதுவே வசதி. காற்றில்லாத இடத்தில்தான் அது வளரும். அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. அதனால் பூண்டு ஊறுகாய்க்கு எலுமிச்சைச் சாறோ கெட்டிப் புளியோ தாராளமாகச் சேர்த்து, உப்பும் நிறைவாகப் போடுங்கள். வெறும் பூண்டெண்ணெய்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு பாட்டில் இருந்தால் மோந்து பார்த்தோ நாக்கில் வைத்தோ சோதிக்காதீர்கள், அந்த நஞ்சுக்கு வாடையும் இல்லை ருசியும் இல்லை. மூடியைத் திறக்காமல் பையில் கட்டி, குழந்தைகளும் நாயும் எடுக்க முடியாதபடி குப்பையில் போட்டுவிடுங்கள்.