ரூன்லைட் செருகுநிரல்களைக் கொண்டு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆட்டத்தைக் கணக்கு வைப்பதும் பகிர்வதும்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணையவழிக் கணினி ஆட்டத்தை ஆடுகிறவர்களில் பலர் எண்களுக்காகவே ஆடுகிறார்கள் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஜாஜெக்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஒரு திறனை 99ஆம் லெவலுக்குக் கொண்டுபோக 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேர்க்க வேண்டும். 92ஆம் லெவலுக்குத் தேவை 65,17,253. ஆகவே 92ஐத் தொட்டுவிட்டு இன்னும் ஏழு படிதானே என்று மூச்சு விடுகிறவர் உண்மையில் பாதி வழியில்தான் நிற்கிறார். இன்று எவ்வளவு ஏறினோம், எந்த அரக்கனிடம் என்ன விழுந்தது, நம் ஆட்டக் குழுவான கிளானில் யார் முந்துகிறார்கள் என்பதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மாளாது. அந்த வேலையை ரூன்லைட் என்ற கிளையண்டும் (ஆட்டத்தைக் கணினியில் திறந்து ஆட உதவும் செயலி) அதன் செருகுநிரல்களும் (அதில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்கள்) செய்கின்றன. அவற்றை எப்படி அமைப்பது, எதை எங்கே பகிர்வது, எங்கே கையைக் கட்டிக்கொள்வது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். புதியவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இந்தக் கருவிகள் இரண்டு வகைச் சாட்சிகளை நம்பி இயங்குகின்றன. ஒரு வகை, உங்கள் கணினியில் ஓடும் கிளையண்ட் தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுதிவைப்பது. மற்றொரு வகை, ஜாஜெக்ஸ் தானே வெளியிடும் ஹைஸ்கோர் பட்டியலைப் படித்துக் கணக்குப் போடுவது. ரூன்லைட் கணினிக்கு மட்டுமே உரியது என்பதால், பேருந்தில் உட்கார்ந்து கைபேசியில் நீங்கள் கொன்ற அரக்கர்களை முதல் வகைக் கருவி பார்த்திருக்காது. இரண்டாம் வகைக்கு அந்தக் குறை இல்லை; ஆனால் அதற்கு வேறொரு குறை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிறுவுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு எச்சரிக்கையைத் தவிர. தேடுபொறியில் ரூன்லைட் என்று தட்டினால் விளம்பரமாக மேலே வருவதைச் சொடுக்கக் கூடாது. அச்சு அசலாக அதே தோற்றத்தில் போலித் தளங்களை அமைத்துக் கடவுச்சொல்லைத் திருடுவது இந்த ஆட்டத்தில் பழைய தொழில். ஜாஜெக்ஸ் லாஞ்சர் என்ற அந்நிறுவனத்தின் தொடக்கச் செயலியை வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே ரூன்லைட்டைத் தேர்ந்தெடுத்து நிறுவிக்கொள்ளலாம். அதுவே பத்திரமான வழி. நிறுவிய பின் வலப்பக்கப் பட்டையில் உள்ள திருகுசாவிச் சின்னத்தைச் சொடுக்கினால் செருகுநிரல்களின் பட்டியல் திறக்கும். எக்ஸ்பி டிராக்கர், லூட் டிராக்கர் போன்றவை கிளையண்டோடு கூடவே வருகின்றன. வெளி ஆர்வலர்கள் எழுதியவை பிளகின் ஹப் என்ற பகுதியில் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றின் மூல நிரல் திறந்திருக்கும், பட்டியலில் சேர்க்கப்படும் முன் ஒருமுறை சரிபார்க்கவும் படுகிறது. அதற்கு வெளியே யாரோ அனுப்பிவைத்த கோப்பை 'இதுவும் ரூன்லைட் பிளகின்தான்' என்று நம்பி ஓடவிடுவது, திண்ணையில் படுத்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

எக்ஸ்பி டிராக்கரிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அது வெளியே எதையும் அனுப்புவதில்லை. தவறாக அமைத்தாலும் நட்டம் இல்லை. ஒரு திறனில் முதல் எக்ஸ்பி கிடைத்தவுடன் அந்தத் திறனுக்கு ஒரு கட்டம் பக்கப்பட்டையில் தோன்றும். சேர்ந்த எக்ஸ்பி, அடுத்த லெவலுக்கு மீதி, ஒரு மணிநேர வேகம், இன்னும் எத்தனை முறை அதே செயலைச் செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் தெரியும். இந்த நான்காவது எண்தான் எனக்குப் பிடித்தது. உதாரணமாக, மீன்பிடித்தலில் சரியாக 70ஆம் லெவலில், அதாவது 7,37,627 எக்ஸ்பியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 71க்குத் தேவை 8,14,445, இடைவெளி 76,818. கராம்ஜா தீவில் கூண்டு போட்டுப் பிடிக்கும் லாப்ஸ்டர் ஒன்றுக்கு 90 எக்ஸ்பி. எனவே 854 லாப்ஸ்டர்கள் வேண்டும். பையில் 28 இடங்கள், அதில் ஒன்றைக் கூண்டு பிடித்துக்கொள்ளும், மீதி 27. ஆக 32 நடை. இந்தக் கணக்கை ஆடும்போதே செருகுநிரல் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பதால், '32 நடையில் எத்தனையாவது' என்று மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. அலுப்பு தட்டாமல் இருக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. கட்டத்தின் மேல் வலச்சொடுக்கினால் அதை ஆட்டத்திரையின் மீதே ஒட்டிவைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

ஒரு மணிநேர வேகத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வரும் பத்து நிமிடமும் அந்தக் கணக்கில் சேர்ந்து, வேகத்தை இழுத்துக் கீழே தள்ளும். அமைப்புகளில், இத்தனை நிமிடம் எக்ஸ்பி வராவிட்டால் கடிகாரத்தைத் தானாக நிறுத்திவை என்று சொல்லும் ஒரு பெட்டியும், லாக்அவுட் செய்தால் நிறுத்திவை என்ற மற்றொன்றும் உள்ளன. இரண்டையும் போட்டுவிட்டால்தான் நேற்றைய வேகத்தையும் இன்றைய வேகத்தையும் ஒப்பிட முடியும்.

லூட் டிராக்கர், ஒவ்வொரு அரக்கனின் பெயரிலும் ஒரு பெட்டி போட்டு, எத்தனை முறை கொன்றீர்கள், என்னென்ன விழுந்தன, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தை விலையில் அது எவ்வளவு பெறும் என்று காட்டுகிறது. எலும்பும் சாம்பலும் பட்டியலை அடைத்துக்கொண்டால், அந்தப் பொருளின் மேல் வலச்சொடுக்கி ஒதுக்கிவிடலாம். இங்கேதான் முன்பு சொன்ன சாட்சி விஷயம் வருகிறது. செருகுநிரலை இயக்கிய நாளுக்கு முன் விழுந்ததோ கைபேசியில் விழுந்ததோ இந்தக் கணக்கில் இராது. ஆட்டமே காட்டும் கில் கவுண்ட் (கொன்ற எண்ணிக்கை) 400 என்றும், லூட் டிராக்கர் 310 என்றும் சொன்னால், இரண்டாவது பொய் சொல்கிறது என்று பொருளல்ல. அது பார்த்தது 310 மட்டுமே. இந்தப் பட்டியலைப் படம் பிடித்து நண்பர்களிடம் 'என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்' என்று காட்டுவதற்கு முன் இதை நினைவில் வைப்பது மரியாதையைக் காக்கும்.

கிளானுக்குள் போட்டி வைப்பவர்களுக்கு வைஸ் ஓல்ட் மேன் என்ற கட்டணமில்லாத் திறந்த மூலச் சேவையே பொருத்தம். இது இரண்டாம் வகை. ஒரு பெயரைக் கொடுத்தால் ஜாஜெக்ஸின் ஹைஸ்கோரிலிருந்து அந்தக் கணத்து எண்களை எடுத்து ஒரு பதிவாக வைத்துக்கொள்ளும். அடுத்த முறை எடுக்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஈட்டியது. இதிலிருந்து இரண்டு விளைவுகள் தாமாகவே வருகின்றன. முதலாவது, பழைய பதிவு இல்லாவிட்டால் பழைய காலத்தைத் திரும்பிப் பார்க்க முடியாது. ஆகவே பயன்படுத்தப்போகிறீர்களோ இல்லையோ, இன்றே ஒருமுறை உங்கள் பெயரைப் பதிந்துவைப்பது நல்லது. இரண்டாவது, ஹைஸ்கோரில் இருப்பது பொதுத் தகவல் என்பதால் யார் பெயரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், புதுப்பிக்கலாம். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த நாளில் எவ்வளவு எக்ஸ்பி சேர்ந்தது என்ற வரைபடம், நீங்கள் எந்தெந்த நாள் எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்பதையும் ஓரளவு சொல்லிவிடும். விடுப்பு எடுத்த காரணத்தை அலுவலகத்தில் வேறு மாதிரி சொன்னவர்கள், உடன் வேலை செய்பவர்களிடம் ஆட்டப் பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

பிளகின் ஹப்பில் அதே பெயரில் உள்ள செருகுநிரலை நிறுவினால், ஒவ்வொரு முறை லாக்அவுட் செய்யும்போதும் இந்தப் புதுப்பித்தல் தானாக நடக்கும். குழுத் தலைவராக இருப்பவர், குழுவை உருவாக்கும்போது கிடைக்கும் சரிபார்ப்புக் குறியீட்டை உடனே எங்காவது பத்திரமாக எழுதி வைக்க வேண்டும். உறுப்பினர்களைச் சேர்ப்பது, போட்டி அறிவிப்பது எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். யாராவது ஆட்டத்தில் பெயர் மாற்றிக்கொண்டால் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேவையில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய வரலாறு இரண்டாக உடைந்து நிற்கும்.

இப்போது அந்தக் குறை. ஹைஸ்கோர், நீங்கள் லாக்அவுட் செய்யும்போதுதான் புதுப்பிக்கப்படுகிறது. எங்கள் கிளானில் ஒரு வார மீன்பிடிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை இரவு முடிவதாக இருந்தது. கடைசி மூன்று மணிநேரம் நான் எழுந்திருக்காமல் பிடித்தேன். முடியும் நேரம் தாண்டி ஐந்து நிமிடம் கழித்து, பெருமையோடு லாக்அவுட் செய்தேன். அந்த மூன்று மணிநேரமும் போட்டிக் கணக்கில் இல்லை. முதலிடத்தில் இருக்க வேண்டியவன் நான்காம் இடத்தில் நின்றேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. விதியை மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். ஆகவே போட்டி தொடங்கும் நேரத்தை ஒட்டி ஒருமுறை, முடியும் நேரத்துக்குச் சற்று முன் ஒருமுறை லாக்அவுட் செய்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் இதைச் செய்யாவிட்டால் எதிர்த்திசையில் அநியாயம் நடக்கும்: போட்டிக்கு முன்பு சேர்த்த எக்ஸ்பியும் போட்டிக்குள் வந்து விழும்.

மிக அதிகம் பேசப்படுவதும் மிக அதிகம் தவறாக அமைக்கப்படுவதும் டிங்க் என்ற செருகுநிரல்தான். லெவல் ஏறினால், விலையுயர்ந்த பொருள் விழுந்தால், செல்லப்பிராணி கிடைத்தால், குவெஸ்ட் முடிந்தால், செத்துப்போனால் என்று ஒவ்வொன்றுக்கும் அது டிஸ்கார்ட் என்ற குழு உரையாடல் செயலியில் உள்ள உங்கள் அறைக்குத் தானாகவே ஒரு செய்தி அனுப்பும். விரும்பினால் திரைப்பிடிப்பையும் சேர்த்து அனுப்பும். இதற்கு முதலில் டிஸ்கார்டில் ஒரு வெப்ஹுக், அதாவது வெளி நிரல் ஒன்று அறைக்குள் செய்தி போட உதவும் தனி இணைய முகவரி, வேண்டும். சர்வர் அமைப்புகளில் இன்டக்ரேஷன்ஸ் என்பதற்குள் வெப்ஹுக்ஸ் பகுதிக்குச் சென்று, புதிதாக ஒன்றை உருவாக்கி, எந்த அறையில் செய்தி விழ வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் முகவரியை நகலெடுத்து டிங்க் அமைப்புகளின் முதன்மை வெப்ஹுக் பெட்டியில் ஒட்ட வேண்டும். சர்வரில் வெப்ஹுக்கை நிர்வகிக்கும் அனுமதி உங்களுக்கு இல்லையென்றால் அந்தப் பகுதியே கண்ணில் படாது. நிர்வாகியிடம் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பின் செய்ய வேண்டிய முதல் வேலை, வாயை அடைப்பதுதான். லூட் பகுதியில் குறைந்தபட்ச மதிப்பு என்ற பெட்டி பூச்சியமாக இருந்தால், கோழியைக் கொன்று இறகு எடுத்தாலும் அறையில் செய்தி விழும். கிளானில் பெரும்பாலோரின் நிலை என்ன என்று பார்த்து, பத்து லட்சம் நாணயம் என்பது போல ஓர் எல்லையை வைக்கலாம். புதியவர்கள் நிறைந்த கிளானில் ஒரு லட்சமே கொண்டாட்டமாக இருக்கும். லெவலுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு, எத்தனை லெவலுக்கு ஒருமுறை என்று சொல்லலாம். ஆட்டத்தில் 2025 நவம்பரில் கடலோட்டம் புதிய திறனாகச் சேர்ந்ததிலிருந்து 24 திறன்கள் ஆகிவிட்டன. எல்லாவற்றிலும் ஒவ்வொரு படிக்கும் செய்தி என்றால், ஒரே ஒரு புதிய உறுப்பினர் ஒரு மாலைப்பொழுதில் அறையை நிரப்பிவிடுவார். சாவுச் செய்தியை நான் தனி அறைக்கு அனுப்புகிறேன். ஒவ்வொரு வகை அறிவிப்புக்கும் தனி வெப்ஹுக் கொடுக்க இடம் உண்டு. சிரிப்பதற்கென்றே வருகிறவர்கள் அந்த அறைக்கு வருகிறார்கள்.

திரைப்பிடிப்பில் ஒரு நுணுக்கம். ஆட்டத்திரையின் இடக்கீழ் மூலையில் உரையாடல் பெட்டி இருக்கிறது. உங்களுக்கு டிராகன் ஹெல்மெட் விழுந்த அதே நொடியில் நண்பர் ஒருவர் தன் குடும்பத் தகராறைத் தனிச்செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தால், ஹெல்மெட்டோடு தகராறும் அறைக்குப் போய்விடும். டிங்க் அமைப்புகளில் படத்தில் உரையாடலை மறைக்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத்தான் படம் அனுப்பும் வசதியையே இயக்க வேண்டும். உங்கள் செய்தியை வெளியிடுவது உங்கள் விருப்பம், அடுத்தவர் செய்தி அப்படியல்ல.

டிஸ்கார்டில் உங்கள் பெயருக்குக் கீழே 'இன்ன ஊரில் இன்ன வேலையில்' என்று காட்டும் செருகுநிரலும் ரூன்லைட்டோடு வருகிறது. பொதுவாக அது தொந்தரவு இல்லாதது. ஆனால் பிறர் உங்களைத் தாக்கக்கூடிய வைல்டர்னஸ் பகுதிக்குள் போகும்போது, இருக்கும் இடத்தைத் தானே ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை; அதை அணைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, வெப்ஹுக் முகவரியைக் கடவுச்சொல்லைப் போலவே நடத்த வேண்டும். அதை வைத்து யாரும் உங்கள் அறையைப் படிக்க முடியாது என்றாலும், முகவரி கையில் உள்ள எவரும் எந்தப் பெயரிலும் அங்கே எழுத முடியும். டிங்க் அமைப்பைப் புதியவருக்குக் காட்ட நினைத்து அமைப்புப் பக்கத்தையே படம் பிடித்து அனுப்பும்போதுதான் இது பெரும்பாலும் வெளியே கசிகிறது. கசிந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலோ, முகவரி தெரிந்த ஒருவர் கசப்போடு கிளானை விட்டு விலகினாலோ, டிஸ்கார்டில் அந்த வெப்ஹுக்கை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கி, மீதமுள்ளவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். அழித்த கணத்திலிருந்து பழைய முகவரி வேலை செய்யாது.