லினக்ஸில் ஆடியோ குரூப்பிலிருந்து உங்கள் பெயரை எடுப்பது எப்படி?

லினக்ஸில் சத்தம் வரவில்லை என்றால் பலரும் முதலில் செய்வது, தங்கள் பெயரை ஆடியோ குரூப்பில், அதாவது சவுண்ட் கார்டையும் மைக்கையும் பயன்படுத்த அனுமதி உள்ளவர்களின் பட்டியலில், சேர்ப்பது. நானும் செய்தேன், பாட்டு கேட்டது, அப்படியே மறந்துவிட்டேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்தக் குரூப்பில் இருப்பவர் எங்கிருந்து நுழைந்தாலும் மைக்கைத் திறக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் அக்கா யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, நீங்கள் ஹாஸ்டலில் இருந்தபடி எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) மூலம் அதைப் பதிவு செய்யலாம். உங்கள் பாஸ்வேர்டைத் திருடியவனும் செய்யலாம்.

இன்றைய உபுண்டுவில் அந்தக் குரூப் பெரும்பாலும் தேவையே இல்லை. திரைக்கு முன்னால் இப்போது யார் கணக்கு ஓடுகிறது என்று சிஸ்டம்டி-லாகின்டி என்ற பின்னணி புரோகிராம் பார்த்துக்கொள்ளும், அவருக்கு மட்டும் சவுண்ட் கார்டையும் வெப்கேமையும் திறந்துவிடும், ஆள் மாறினால் பழையவரின் அனுமதியைப் பிடுங்கிவிடும். பழைய ரெட் ஹேட் லினக்ஸில் பாம் கன்சோல் என்ற புரோகிராம் இதற்காக, சவுண்ட் கார்டு போன்ற சாதனத்தைக் குறிக்கும் ஃபைலின் உரிமையாளரையே மாற்றியது. கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: டெர்மினலில் குரூப்ஸ் (groups) என்று ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள். வரும் பட்டியலில் ஆடியோ (audio), வெப்கேமுக்கான வீடியோ (video) இருக்கிறதா பாருங்கள்.

படி 2: இருந்தால் சூடோ (sudo), டெல்யூசர் (deluser), உங்கள் பயனர் பெயர், ஆடியோ (audio) என நான்கு சொற்களையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் அடியுங்கள். வீடியோவுக்கும் இதேதான். குரூப் பெயரை மறந்து என்டர் தட்டிவிடாதீர்கள், கணக்கையே அழிக்கச் சொன்னதாகிவிடும்! சூடோ குரூப்பையும் தொடாதீர்கள், அப்புறம் அட்மின் வேலை எதுவும் செய்ய முடியாது.

படி 3: லாக் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். பாட்டு கேட்கிறதா? வேலை முடிந்தது.

சோதிக்க விரும்பினால், வேறொருவர் கணக்கு திரையில் இருக்கும்போது எஸ்எஸ்எச்சில் வந்து மைக்கைத் திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது. நீங்களே திரையிலும் இருந்தால் அனுமதி கிடைக்கத்தான் செய்யும், ஏனென்றால் அது உங்கள் பெயருக்குத் தரப்படுகிறது.

திரைக்கு முன்னால் இருப்பவருக்குப் பென் டிரைவ் பாஸ்வேர்ட் கேட்காமல் திறப்பதும், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் இன்னொரு டிஸ்க் அதைக் கேட்பதும் கிட்டத்தட்ட இதே மாதிரியான பாதுகாப்புதான். எரிச்சலில் அந்தப் பாஸ்வேர்ட் கேட்பதை அணைக்காதீர்கள்.

ஒரு ஓட்டை மட்டும் உண்டு. அனுமதியைச் சரிபார்ப்பது மைக்கைத் திறக்கும் நொடியில்தான், ஏற்கெனவே திறந்து வைத்த புரோகிராம் ஆள் மாறினாலும் பதிவைத் தொடரலாம். அதனால் கம்ப்யூட்டரை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது ஸ்விட்ச் யூசர் வேண்டாம், லாக் அவுட் செய்துவிட்டே எழுந்திருங்கள்.